சேகரித்தவர் பெயரும் வரைந்தவர் பெயரும்

பழைய ஓவியங்களை வாங்கிச் சேர்க்கும் ஆர்வமுடைய ஆய்வு மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். தம் மாவட்டத்துக்கு வெளியே எவரும் அறியாத ஓர் ஓவியர் வரைந்த ஆற்றங்கரைக் காட்சிக்கு வரலாற்று மதிப்பு ஏதும் உண்டா, அல்லது அது சுவரை அழகுபடுத்தும் பொருள் மட்டும்தானா என்பது அவருடைய ஐயம். இரண்டு வரியில் விடை எழுத முற்பட்டேன், முடியவில்லை. இந்திய நிலக்காட்சி ஓவியங்களின் வரலாற்றில் 'அறியப்படாத ஓவியர்' என்பவர் எப்படி உருவாகிறார் என்பதைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்கு விடை கூற இயலாது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களுள் பலர் திறமைக் குறைவால் மறக்கப்பட்டவர்கள் அல்லர். சேகரித்த முறையும் பட்டியலிட்ட முறையும் பிரித்து விற்ற முறையுமே அவர்களை அறியப்படாதவர்களாக ஆக்கின. எனவே சேகரிப்பவர் கையில் இருப்பது படம் மட்டுமன்று. ஓர் ஓவியரின் பெயர் தொடர்வதும் அற்றுப்போவதும் அவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் பெயரிடலையே எடுத்துக்கொள்வோம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்களுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்தவற்றை நாம் இன்றும் 'கம்பெனி ஓவியங்கள்' என்கிறோம். இதில் கம்பெனி என்பது வாங்கியவரின் பெயர். வேறெந்த ஓவிய மரபையும் விலை கொடுத்தவரின் பெயரால் இவ்வளவு இயல்பாக நாம் அழைப்பதில்லை. முகலாய ஓவியம் என்னும்போது அரசவையைச் சுட்டுகிறோம். அங்கேகூட பசாவன், மன்சூர் எனத் தனி ஓவியர்களைப் பிரித்தறிய அறிஞர்கள் உழைத்திருக்கிறார்கள். கம்பெனி ஓவியம் என்ற முத்திரை விழுந்ததும் அந்தத் தேடல் பல காலம் நின்றுபோயிற்று. தாவரம், பறவை, சாதிவாரி மனித உருவங்கள் ஆகியவற்றை வரைந்தவர்களுக்காவது பின்னாளில் சிறிது கவனம் கிடைத்தது. நிலக்காட்சி வரைந்தவர்கள் அதிலும் பின்தங்கினர். காரணம் எளிது. நிலக்காட்சி என்பது ஐரோப்பிய வகை, அதை வரைந்த இந்தியர் வெறும் நகலாளர் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது.

அந்த எண்ணத்துக்கு ஓரளவு அடிப்படை இல்லாமலில்லை. வில்லியம் ஹாட்ஜஸ் 1780 முதல் 1783 வரை இந்தியாவில் பயணம் செய்து வரைந்தார். அவருக்குப் பின் தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் 1786 முதல் 1793 வரை கல்கத்தாவிலிருந்து இமயமலை அடிவாரம் வரையிலும், பின்னர் தென்னிந்தியாவிலும் சுற்றி வரைந்தார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய 'ஓரியண்டல் சீனரி' தொகுப்பில் 144 அக்வாடின்ட் அச்சுப் படங்கள் இருந்தன. பாழடைந்த மண்டபம், முன்புறத்தில் பெருமரம், நடுவே நீர், தொலைவில் மங்கும் குன்று என்ற அமைப்பு இந்தியாவைப் பார்க்கும் ஒரு வாய்பாடாகவே நிலைபெற்றது. ஆங்கிலேயர் இதனை 'பிக்சரெஸ்க்' என்றனர். படம் வரைவதற்கென்றே அமைந்தது போன்ற காட்சி என்று பொருள் கொள்ளலாம். இந்த அச்சுப் படங்கள் இந்திய ஓவியர்களின் கைக்கும் வந்தன. அவர்கள் பார்த்தார்கள், கற்றார்கள். கற்றதை அப்படியே திருப்பி ஒப்பித்தார்களா என்பதுதான் கேள்வி.

இதற்குச் சிறந்த விடை சீதாராம். வங்காளத்தைச் சேர்ந்தவர், முர்ஷிதாபாத் ஓவிய மரபில் பயின்றவராக இருக்கலாம் என்று அவருடைய வேலைப்பாட்டைக் கொண்டு அறிஞர் கருதுகின்றனர். 1813இல் கவர்னர் ஜெனரலாக வந்த மொய்ரா பிரபு, அடுத்த ஆண்டு கோடையில் கல்கத்தாவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டார். மனைவி, குழந்தைகள், செயலாளர்கள், படையினர் என ஒரு நகரமே நகர்ந்தது போன்ற பயணம் அது. கங்கையில் 220 படகுகள் சென்றன. 1815 அக்டோபரில்தான் திரும்பினார்கள். பயணக் குழுவில் சீதாராமும் இருந்தார். ஆற்றங்கரை ஊர்கள், படித்துறைகள், லக்னோவின் மாளிகைகள், ஆக்ராவின் கல்லறைகள், பஞ்சாப் எல்லையை ஒட்டிய நிலப்பரப்பு என 200க்கும் மேற்பட்ட பெரிய நீர்வண்ண ஓவியங்களை அவர் உருவாக்கினார். அவை பத்துத் தொகுதிகளாகக் கட்டப்பட்டன. (மொய்ரா பிரபு 1817இல் ஹேஸ்டிங்ஸ் மார்க்விஸ் ஆனார். இவரை வாரன் ஹேஸ்டிங்ஸோடு குழப்பிக்கொள்ளும் கட்டுரைகளை இன்றும் காண்கிறேன். இருவருக்கும் இடையே கால் நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு.)

அதன் பிறகு நடந்ததுதான் நம் பொருளுக்கு உரியது. ஹேஸ்டிங்ஸ் 1823இல் இந்தியாவை விட்டுப் போனார், 1826இல் இறந்தார். அவர் பயணத்தில் எழுதிய நாட்குறிப்பை மகள் பதிப்பித்து 1858இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதே பயணத்தில், அதே படகுகளில், அதே கூடாரங்களின் அருகே வரையப்பட்ட ஓவியங்களோ குடும்பத்தின் உடைமையாகப் பூட்டிய அறைக்குள் தங்கிவிட்டன. எழுதியவரின் சொற்கள் 44 ஆண்டுகளில் நூலகங்களை அடைந்தன; வரைந்தவரின் படங்களுக்கு அதைப் போலப் பல மடங்கு காலம் தேவைப்பட்டது. 1974இல் இரண்டு தொகுதிகள் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோதுதான் சீதாராம் என்றொருவர் இருந்தார் என்பதே கலை வரலாற்றாளர்களுக்குத் தெரிந்தது. பயண வரிசையின் பத்துத் தொகுதிகளைப் பிரிட்டிஷ் நூலகம் 1995இல் பெற்றது. அந்நூலகத்தின் ஜே. பி. லாஸ்டி இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 2015இல் வந்தது. வரைந்து 200 ஆண்டுகள் கழித்து!

இங்கே ஒரு சிறு விவரத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். சீதாராமின் பெயர் நமக்கு எங்கிருந்து கிடைக்கிறது? ஒவ்வொரு படத்தின் மூலையிலும் மேலைநாட்டு ஓவியர் போல அவர் கையொப்பமிட்டு வைத்ததால் அன்று. இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர்வரை சீதாராம் வரைந்த காட்சிகள் என்று தொகுதிகளின் தலைப்பில் எழுதப்பட்டிருப்பதே முதன்மைச் சான்று. ஓவியர் பெயரைத் தாங்கியிருப்பது தாள் அன்று, தொகுதி. அந்தப் பத்துத் தொகுதிகளையும் வாங்கிய ஒரு வணிகர் தையலைப் பிரித்து 200 படங்களையும் தனித்தனிச் சட்டத்தில் மாட்டி விற்றிருந்தால், இன்று உலகின் பல வீடுகளில் 'வங்காளப் பாணி, பெயர் தெரியாத ஓவியர், ஏறத்தாழ 1815' என்ற குறிப்போடு அவை தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் அழகாக இருக்கும். சீதாராம் இருந்திருக்க மாட்டார். 1974 ஏலத்துக்குப் பின் அவருடைய தாள்கள் தனித்தனியாகவும் கைமாறின. அவற்றை இன்று அவருடையவை என்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கு, பிரியாமல் தப்பிய தொகுதிகள் ஒப்பீட்டுக்கு இருப்பதும் ஒரு காரணம்.

தொகுதி தரும் இன்னொன்று வரிசை. நீர்வழியாகச் செல்பவர் கரையை எந்த ஒழுங்கில் காண்பாரோ அந்த ஒழுங்கிலேயே படங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு படித்துறைக்கும் அடுத்த மாளிகைக்கும் இடையே எவ்வளவு வெற்றுக்கரை இருந்தது, எங்கே வேளாண்மை, எங்கே புதர்க்காடு என்றெல்லாம் வரலாற்று நிலவியலாளர் வினவலாம். தனித்தாளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. ஆக்ராவில் சீதாராம் வரைந்தவற்றுள் கோட்டையருகே கிடந்த ஒரு மாபெரும் பீரங்கியின் படமும் உண்டு. அந்தப் பீரங்கி பின்னாளில் வெடிவைத்து உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. படம் இருக்கிறது, பொருள் இல்லை.

நிலக்காட்சியைச் சான்றாகக் கொள்வதில் இடரும் உண்டு. மாணவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. பிக்சரெஸ்க் வாய்பாட்டில் பயின்ற கை, காட்சியைச் சட்டம்போட ஒரு மரத்தை முன்னே கொணரும்; சிதைவைச் சற்று மிகைப்படுத்தும்; கூட்டத்தைக் குறைத்து இரண்டு மூன்று உருவங்களை மட்டும் நிறுத்தும். ஆகவே முன்புறத்து ஆலமரத்தை நம்பிச் சூழலியல் கட்டுரை எழுதுவது ஆபத்து. பெரும்பாலும் நம்பத்தக்கவை கட்டடங்களின் அமைப்பும் ஆற்றின் போக்கும் நடுப்பகுதியில் ஓவியர் கவனமின்றிச் சேர்த்துவிடும் சில்லறை விவரங்களும்தாம். படகின் பாய் எத்தனை ஒட்டுகளோடு இருக்கிறது என்பதில் யாருக்கும் பொய் சொல்லும் நோக்கமில்லை.

சான்று என்ற முறையில் டெல்லிக்கு ஈடான எடுத்துக்காட்டு இல்லை. மஸ்ஹர் அலி கான் என்னும் டெல்லி ஓவியர் 1846இல் செங்கோட்டையின் லாகூர் வாயில் உச்சியிலிருந்து நகரத்தைச் சுற்றிலும் நோக்கி ஒரு நெடும் அகலக்காட்சி வரைந்தார். ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம். கோட்டைக்குள் இருந்த அரண்மனைப் பகுதிகள், வெளியே நெருங்கிய வீடுகள், பள்ளிவாசல்கள், தோட்டங்கள் எல்லாம் அதில் உள்ளன. பதினொரு ஆண்டுகளில் 1857 வந்தது. கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு ஆங்கிலேயர் கோட்டையின் உட்கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்தனர். கோட்டையைச் சுற்றிய குடியிருப்புகளையும் அகற்றி வெளியாக்கினர். இன்று அந்த வாயிலில் நின்று பார்ப்பவருக்குக் கிடைப்பது வேறு நகரம். அதே ஓவியரும் அவருடைய வட்டத்தினரும் தாமஸ் மெட்கால்ஃபுக்காக வரைந்த படங்களைக் கொண்ட 1844ஆம் ஆண்டுத் தொகுப்பு 'மெட்கால்ஃபின் டெல்லிப் புத்தகம்' என்றே அறியப்படுகிறது. மெட்கால்ஃப் அதில் தம் கைப்பட விளக்கங்கள் எழுதி இங்கிலாந்தில் இருந்த மகள்களுக்கு அனுப்பினார். எழுதியவர் மெட்கால்ஃப் என்பது உண்மைதான். அந்த நகரத்தைக் கண்டு தாளில் இறக்கியவர் மஸ்ஹர் அலி கான் என்பதையும் நூலட்டை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

பிரித்து விற்றலின் விளைவுக்கு ஃப்ரேசர் தொகுதியைக் கூறலாம். டெல்லி வட்டாரத்தில் வில்லியம் ஃப்ரேசரும் அவருடைய அண்ணன் ஜேம்ஸும் உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வரைவித்த மனித உருவங்களும் கிராமக் காட்சிகளும் 1979இல் ஸ்காட்லாந்தில் குடும்ப ஆவணங்களோடு கண்டெடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஏலத்தில் சிதறிவிட்டன. நல்லவேளையாகப் படங்களில் ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் குறிக்கப்பட்டிருந்தன. கடிதங்களும் நாட்குறிப்புகளும் பிழைத்திருந்தன. மில்ட்ரெட் ஆர்ச்சரும் டோபி ஃபாக்கும் அவற்றைக் கொண்டு 1989இல் ஒரு நூலில் அந்தத் தொகுதியைத் தாளின்மீதாவது மீண்டும் ஒன்றுசேர்த்தார்கள். மில்ட்ரெட் ஆர்ச்சரைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். அவர் கணவர் பீகாரில் ஐ.சி.எஸ். அதிகாரி. பாட்னா ஓவியர் மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒருவரான ஈஸ்வரி பிரசாத் வர்மாவைத் தேடிச் சென்று, குடும்ப நினைவுகளைக் கேட்டு எழுதி, 1947இல் பாட்னா ஓவியம் குறித்து நூல் வெளியிட்டார் அவர். வாங்குவதோடு நில்லாமல் கேட்டறிந்ததால்தான் பல பெயர்கள் நமக்குத் தப்பி வந்தன. சேகரிப்பாளர்களுக்கு என் பரிந்துரை இந்த முன்மாதிரிதான்.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி (இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர்) அனாதை இல்லச் சிறுவர்களுக்கு அளவையும் வரைபடமும் கற்பித்தது. காலின் மெக்கன்சியின் மைசூர் அளவையில் இப்படிப் பயின்றவர்கள் பணியாற்றினார்கள். 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான மெக்கன்சி திரட்டிய கோட்டை, குன்று, கோயில் காட்சிகள் எண்ணிக்கையில் பெருந்தொகை. அவருடைய வரைவாளர்கள் கையால் உருவானவை அவற்றுள் ஏராளம். பட்டியலில் அவை எல்லாம் மெக்கன்சி சேகரிப்பு. ஆய்வேடுகளில் 'மெக்கன்சி வரைந்த' என்று எழுதுவோரும் உளர்! வரைவாளர் பெயர் தாளில் இருக்கும் இடங்களிலாவது அதனை மேற்கோளில் சேர்ப்பது இனி மரபாக வேண்டும்.

இதுவரை சொன்னவை கம்பெனிக் காலத்தவை. இன்றைய மாணவரோ ஆசிரியரோ இவற்றை வாங்கக் கனவிலும் எண்ண முடியாது, விலை அப்படி. கேள்வி அனுப்பிய மாணவரின் கையில் இருப்பதைப் போன்ற படங்கள் வேறு வகை. 1850இல் சென்னையிலும் 1854இல் கல்கத்தாவிலும் 1857இல் பம்பாயிலும் கலைப் பள்ளிகள் தோன்றின. அங்கே பயின்று தம் ஊர் திரும்பிய ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வரைந்த எண்ணற்ற ஏரிகள், மலைச்சரிவுகள், கோயில் குளங்கள், சந்தைத் தெருக்கள் இன்னும் வீடுகளில் உள்ளன. மும்பையின் சோர் பஜாரிலும் கொல்கத்தாவின் பழைய ஏலக்கடைகளிலும் அவை அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

இவ்வகையில் மிகச் செழிப்பான ஊர் கோலாப்பூர். ஷாஹு மகாராஜாவை நம் வாசகர்கள் அறிவார்கள். 1902இல் அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு இடம் ஒதுக்கிய ஆணை சமூகநீதி வரலாற்றில் அழியாதது. அவருடைய அவை ஓவியரைத்தான் அறிந்தவர் குறைவு. ஆபாலால் ரஹிமான், 1931இல் மறைந்தவர், பம்பாயின் ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்று ஊர் திரும்பியவர். தலைநகரில் தங்கிப் புகழ் தேட வாய்ப்பிருந்தும் வாழ்நாள் முழுதும் கோலாப்பூரிலேயே வரைந்தார். கோட்டிதீர்த்தக் குளம், ரங்காளா ஏரி, பஞ்சகங்கை ஆற்றங்கரை ஆகியவையே திரும்பத் திரும்ப அவருடைய பொருள்கள். ஒரே நீர்ப்பரப்பு காலையில் ஒரு நிறம், மழைக்கு முன் ஒரு நிறம், அந்தியில் வேறொரு நிறம். சிறிய அளவுத் தாள்களில், வாய்பாட்டு மரங்களும் பாழ்மண்டபங்களும் இல்லாமல், ஒளி மாறும் கணத்தை மட்டும் பிடிக்க முயன்றார். டேனியல்களின் இந்தியா கடந்துபோகும் பயணி கண்ட இந்தியா. ஆபாலாலின் குளம், தினமும் அதன் கரையில் நடப்பவர் கண்ட குளம். வட்டார ஓவியர்களின் நிலக்காட்சியை நான் மதிப்பதற்கு முதற்காரணம் இதுவே.

1922இல் ஷாஹு மகாராஜா மறைந்த துயரத்தில் ஆபாலால் தம் படங்களில் பெருந்தொகையைக் கோட்டிதீர்த்தத்தில் எறிந்துவிட்டார் என்று கோலாப்பூரில் ஒரு கதை வழங்குகிறது. எண்ணிக்கை, சொல்பவர்க்கேற்ப ஆயிரங்களில் ஏறும். கதையை நாட்டார் வழக்காறு என்ற அளவில் நான் விரும்புகிறேன். வரலாற்று விளக்கமாக ஏற்க மாட்டேன். ஏனெனில் இது ஓர் ஓவியர் அறியப்படாமல் போனதற்கான பொறுப்பை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. அரசர் போனார், புரவலர் போனார், பட்டியல் இல்லை, படங்கள் வீடுதோறும் சிதறின. இவை துயரக்கதை ஆகா. ஆனால் இவைதாம் பெரும்பாலான வட்டார ஓவியர்களுக்கு நேர்ந்தவை. கோலாப்பூர் நகரமண்டப அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களையும் அவ்வூர்ப் பிற ஓவியர்களின் படங்களையும் இன்றும் காணலாம்.

கோலாப்பூரின் நிலக்காட்சி தாளோடு முடிவதில்லை. ஆனந்தராவ் பெயிண்டர், அவருடைய உறவினர் பாபுராவ் பெயிண்டர் இருவரும் மராத்தி நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து பெயர் பெற்றவர்கள். பாபுராவ் பின்னர் திரைப்படத்துக்குச் சென்று மகாராஷ்டிரா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அதனால் திரைப்பட வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கிறது. காடும் நதியும் அரண்மனைத் தோட்டமுமாக அவர்கள் வரைந்த சீலைகள் ஆயிரக்கணக்கானோர் கண்ட நிலக்காட்சிகள். சுருட்டி விரித்துச் சுருட்டி விரித்துக் கிழியும் பொருளை யார் சேகரிப்பார்? நம் ஊர் நாடகக் குழுக்களின் சீலைகளுக்கும் அதே கதிதான். சேகரிப்பு என்பது எப்போதும் சட்டமிடத் தக்க அளவுக்குள் அடங்கும் பொருளையே விரும்புகிறது. இந்தச் சாய்வையும் வரலாற்றாளர் கணக்கில் கொள்ள வேண்டும்.

இதே வட்டாரத்தில் மாற்றுப் பாதையும் இருந்தது. ஔந்த் என்ற சிறு சமஸ்தானத்தின் அரசர் பவான்ராவ் பந்த் பிரதிநிதி தாமே ஓவியர். 1938இல் அவர் திறந்த அருங்காட்சியகம் இன்றும் சதாரா மாவட்டத்துக் குன்றின்மீது இருக்கிறது. தம் காலத்து ஓவியர்களைத் தம் காலத்திலேயே, பெயரோடு, ஒரே இடத்தில் சேர்த்தது அவர் செய்த பேருதவி. கோலாப்பூரில் நடிகரும் நிலக்காட்சி ஓவியருமான சந்திரகாந்த் மாண்டரேயின் படங்கள் அவர் வாழ்ந்த வீட்டிலேயே அருங்காட்சியகமாக உள்ளன. ஒருவர் வரைந்தவை ஒரு கூரையின்கீழ் இருந்தால் போதும், ஆய்வு தானே தொடங்கும்.

இனிச் சட்டம். வாங்க விரும்பும் மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத ஓவியம் தொல்பொருள். அதைப் பதிவு செய்ய வேண்டும். வணிகர் உரிமம் பெற வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 100 ஆண்டு ஆகாதவற்றுள் சில ஓவியர்களின் படைப்புகளை அரசு 'கலைச்செல்வம்' என அறிவித்திருக்கிறது. ரவிவர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், தாகூர் குடும்பத்தார், நந்தலால் போஸ், நிக்கலஸ் ரோரிக் முதலிய ஒன்பது பெயர்கள். ரோரிக் வரைந்த இமயமலைக்குப் பெயரே காவல். வட்டார ஓவியர் வரைந்த மலைக்கு வயது மட்டுமே காவல். அதுவும் நூறாவது ஆண்டில்தான் வரும். 1940இல் கோலாப்பூரில் வரையப்பட்ட ஓர் ஏரி இன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாத பொருள். யாரும் வாங்கலாம், பிரிக்கலாம், கப்பலேற்றலாம், சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைக் குப்பையில் போடலாம். கடைசியாகச் சொன்னது மிகை அன்று. தேக்குச் சட்டத்துக்காகப் படம் வாங்குவோர் உண்டு.

வாங்கும் நிலை வந்தால் எதைப் பார்ப்பது? முன்பக்கத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். பின்புறத்தில் பென்சிலில் எழுதிய ஊர்ப் பெயர், கண்காட்சிச் சீட்டு (1888இல் தோன்றிய பம்பாய்க் கலைச் சங்கம் போன்றவற்றின் சீட்டுகள் விலைமதிப்பற்றவை), சட்டம் போட்ட கடையின் முகவரித் தாள், அன்பளிப்பாகக் கொடுத்தவர் பெயர் ஆகியவை இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் ஒரு நூல்முனை. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிலவற்றில் நீர்க்குறி தெரியும். வாட்மன் போன்ற ஆங்கிலத் தாள்களில் உற்பத்தியாளர் பெயரோடு ஆண்டும் இருப்பதுண்டு. அந்த ஆண்டுக்கு முன் அந்தப் படம் வரையப்பட்டிருக்க முடியாது என்பது உறுதி. அதற்குப் பின் எப்போது என்பதை அது சொல்லாது. பழைய தாள் என்பதாலேயே பழைய படம் ஆகிவிடாது. ராஜஸ்தானச் சுற்றுலாக் கடைத்தெருக்களில் பழைய முத்திரைத்தாள்களின்மீது நேற்று வரைந்தவற்றைத் தாராளமாக விற்கிறார்கள்.

சட்டம் மாற்றக் கொடுக்கும்போதுதான் இழப்பு மிகுதி. கடைக்காரர் பழைய பின்னட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுப் புதிய அட்டையைப் பளபளப்பாகப் பொருத்தித் தருவார். நாமும் மகிழ்ந்து பணம் கொடுப்போம். அட்டையோடு ஓவியர் பெயரும் போயிருக்கும். மலிவான மரக்கூழ் அட்டையில் உள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்குவதால் அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றுமுன் நிழற்படம் எடுத்து, சீட்டுகளைத் தனி உறையில் காத்து, அமிலமற்ற அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். நீர்வண்ணம் வெயில் தாங்காது. சன்னலுக்கு எதிர்ச்சுவர் அதற்குப் பகை. ஒரே வீட்டிலிருந்து நான்கு படங்கள் விற்பனைக்கு வந்தால் நான்கையும் சேர்த்து வாங்க முடியாவிட்டாலும், நான்கும் சேர்ந்து இருந்தன என்ற குறிப்பையாவது எழுதி வைக்கலாம். இந்த வேலைக்குச் செலவு ஏதும் இல்லை.

கேள்வி கேட்ட மாணவர் தம் படத்தின் நிழற்படத்தை அனுப்பியிருக்கிறார். ஆற்றங்கரை, படிக்கட்டு, கோபுரமில்லாத சிறு கோயில், ஒரு மாட்டுவண்டி. முன்பக்கம் மட்டும். பின்புறத்தை எடுத்து அனுப்புமாறு எழுதியிருக்கிறேன். கோலாப்பூர், சாங்லி, சதாரா பகுதிகளிலிருந்து படிக்கும் நண்பர்களின் வீடுகளிலும் இத்தகைய படங்கள் இருக்கக்கூடும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், யாரிடம் வாங்கியது, எந்த ஆண்டு, வரைந்தவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று கேட்டு, நாள் குறித்து எழுதி, படத்தின் பின்னே ஓர் உறையில் வைத்துவிடுங்கள். அதன் ஒரு படி எனக்கும் வந்தால் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன்.